கோதண்டம் வீட்டு வெள்ளையடிப்பு

நடுவீட்டு ஜாடியில் சூடு ஆறாதிருந்த சுண்ணாம்பில் உப்பைக் கொட்டிக் கிளறியதுதான் தாமதம், கோதண்டத்தின் கண்ணில் மிளகாயை அரைத்து அப்பியதுபோல் எரிந்தது.

"ஐயையோ, கோவிந்தம்மா! இன்னாமே உப்பு இது? மூக்கைப் புடுங்குது!"

"என்னைக் கேட்டா? உன் பொண்ணுதான் பொட்டலம் கொண்டாந்து குடுத்தா" என்று அடுப்படியிலிருந்து இருமினாள் அவன் மனைவி.

பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டைக்கே கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு கொடுக்கிற ஆள் கோதண்டம். உப்புப் போட்டால்தான் வெள்ளை கையில் ஒட்டாது என்று ஊருக்கெல்லாம் பாடம் சொல்வான். அவன் வீட்டுச் சுவர் மட்டும் அழுக்கு. இன்றைக்கு அது ஆகாது. மகள் தேவகியைப் பார்க்கத் திருப்பாலைவனத்திலிருந்து வருகிறார்கள்.

மாப்பிள்ளை அர்ஜுனன் கோட்டைச் சமையல்கட்டுச் செப்புப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவன், தங்கமான பையன். அவன் அம்மா கஸ்தூரியம்மாள்தான் வில்லங்கம். எளாவூரில் வேறொரு பெண்ணைப் பார்த்து வைத்துவிட்டாளாம், இங்கே வேண்டாம் என்று சொல்லத்தான் வருகிறாளாம். ஊரே பேசிக்கொண்டது. இத்தனைக்கும் அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. சாவு வீட்டில் சொந்தக்காரர்களே அழுது ஓய்ந்த பிறகும் அழுகிறவள், பாவம்.

கோதண்டம் இன்னும் வேகமாகக் கிளறினான். நெடி இன்னும் வேகமாகக் கிளம்பியது.

பக்கத்து வீட்டு வரதன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கமாக ஓடிவந்தான். கோட்டையில் வெடிமருந்து அரைக்கிறவன் அவன். எதைக் கண்டாலும் பயம்.

"யோவ், உப்பு இல்லய்யா இது, ஈயம் பூசுறதுக்குப் போடுற நவச்சாரம்! ஒரு சிட்டிகை மோந்தா மயக்கம் போட்டவன் எழுந்துக்குவான். இப்படி ஜாடி ஜாடியா மோந்தா எழுந்தவன் மயங்கிடுவான். கதவைத் தொற!"

"கடைக்காரன் மாத்திக் கட்டிட்டான், பாவி! கதவைத் தொறந்தா தெருவே நாறுமே, சம்பந்தி வர்ற நேரம்!" கோதண்டம் கதவைத் திறக்கவில்லை. இருந்த ஜன்னலையும் சாத்தினான். நெடி போகச் சாம்பிராணி போட நெருப்பெடுத்தான்.

"வேணாம்! அடைச்ச ஊட்ல இந்த ஆவி பத்திக்கும்!" என்று அலறிய வரதன், குடத்துத் தண்ணீரை நெருப்பில் கவிழ்த்தான். இப்போது புகையும் சேர்ந்துகொண்டது.

கடைசியில், கோவிந்தம்மா புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்த செப்புத் தாம்பாளத்தை எடுத்துக் கோதண்டம் ஜாடியை மூடினான். நெடி அடங்கியது. 'அப்பாடா' என்று உட்கார்ந்தான். சம்பந்தி வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

கஸ்தூரியம்மாள் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நடுவீட்டில் உட்கார்ந்தாள். அர்ஜுனன் மட்டும் காற்று வருகிற வாசற்படியை விட்டு நகரவில்லை.

"வெத்தலை பாக்கு வையுங்க" என்றாள் அவள். "அப்புறம் நான் ஒண்ணு சொல்லணும்."

கோதண்டம் தட்டைத் தேடினான். வீட்டில் இருந்தது ஒரே தாம்பாளம். வேறு வழியில்லாமல் ஜாடி மேலிருந்து அதை எடுத்தான்.

அதுவரை அடைபட்டிருந்த ஆவி குப்பென்று கிளம்பியது. கோதண்டம் கண்ணீரும் மூக்குமாய் நின்றான். கோவிந்தம்மா முந்தானையில் முகம் புதைத்தாள். தலைகுனிந்து வந்த தேவகி பொலபொலவென்று கண்ணீர் விட்டாள். வழியனுப்ப வந்த ஆள்போல வரதனும் விம்மினான்.

கஸ்தூரியம்மாள் பார்த்தாள். உதடு துடித்தது. அவ்வளவுதான், ஓவென்று அழுதுவிட்டாள்.

"இன்னும் தட்டே மாத்தல, அதுக்குள்ள பொண்ணைப் பிரியணுமேன்னு இப்படி உருகுறீங்களே! எளாவூர்ல ஒருத்தர் கண்ல பொட்டுத் தண்ணி வர்ல. இந்த ஊட்டுப் பொண்ணுதான் எனக்கு மருமவ!" தாம்பாளத்தை வாங்கிப் பார்த்தாள். ஆவி பட்ட உட்பக்கம் மயில்கழுத்தாய் நீலம் பூத்திருந்தது. "தட்டுக்குக்கூட சாயம் ஏத்தியிருக்கீங்க, பாரேன்!"

தை மாதம் கல்யாணம் என்று முடிவாகி எல்லோரும் கிளம்பிப் போனார்கள். கதவு ஜன்னலையெல்லாம் திறந்துபோட்டு, ஏரிக்காற்றை நெஞ்சு நிறைய இழுத்தான் கோதண்டம். சந்தோஷத்தில் அவனுக்கு நிஜமாகவே கண் கலங்கியது. மிச்சப் பொட்டலத்தை ஏரித் தண்ணீரில் வீசக் கையை ஓங்கினான்.

தேவகி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"தூக்கிப் போடாத நைனா! அவரு பத்திரமா வெச்சிருக்கச் சொன்னாரு. தைக்குள்ள அவங்கம்மா மனசு மாறிட்டா திரும்பவும் வெள்ளையடிக்கணுமாம்."