லேப்டாப் இல்லாமல் வந்த மச்சான்

மச்சான் அருள்முருகன், எப்போதும் தோளில் தொங்கும் லேப்டாப் பை இல்லாமல் ஆட்டோவிலிருந்து இறங்கியதைப் பார்த்ததும் கதிர்வேல் ஆட்டோவுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

சிதம்பரம் கீழவீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவருக்கு அந்தப் பையைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். மச்சான் வேலை பார்க்கும் சென்னை சாஃப்ட்வேர் கம்பெனியின் பங்குகளில்தான், மகள் அனுப்பிரியாவின் காலேஜ் படிப்புக்குச் சேர்த்த பணம் முழுவதையும் அவர் போட்டு வைத்திருந்தார்.

கொஞ்ச நாளாக யூடியூபில் ஒருவர், ஏ.ஐ. வந்துவிட்டது, இந்தக் கம்பெனிகளெல்லாம் அவ்வளவுதான் என்றார். கோட்டு போட்ட இன்னொருவர், வாங்குவதற்கு இதைவிட நல்ல நேரம் வராது என்றார். மூன்றாமவர் இரண்டையும் சொல்லிவிட்டு சப்ஸ்கிரைப் பண்ணச் சொன்னார். உள்விவகாரம் தெரிந்தவன் மச்சான் ஒருவன்தான். ஆனால் மனைவி சிந்துஜா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"ரெண்டு நாள் நிம்மதியா இருக்கலாம்னு வர்றான். ஆபீஸ் பேச்ச எடுக்காதீங்க."

கதிர்வேலுக்கு ஆவல் தாங்கவில்லை. நீயே ஜாடையாகக் கேளேன் என்று அவளைக் கெஞ்சினார். தம்பிக்கு இட்லி வைத்துக்கொண்டே அவளும் கேட்டாள்.

"ஏதோ போவுதுக்கா" என்றான் அவன்.

அந்த "ஏதோ" சிந்துஜாவைக் கலங்கடித்தது. கடலூரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டாள். மகனுக்கு வேலை போய்விட்டதென்றே முடிவுகட்டிய அம்மா, அவனுக்குப் பெண் பார்க்கப் போக இருந்ததைத் தள்ளி வைத்தாள். பெண்ணின் அப்பா நேராகக் கதிர்வேலையே கூப்பிட்டு, மாப்பிள்ளையின் கம்பெனி எப்படி என்றார். பாவம், இவருக்கு மட்டும் என்ன தெரியும்? விசாரித்துச் சொல்கிறேன் என்றார். அதோடு அந்தச் சம்பந்தப் பேச்சே நின்றுபோனது.

திங்கட்கிழமை காலையிலும் மச்சான் கிளம்பவில்லை, லீவாம். கதிர்வேலுக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. சந்தை திறந்ததும், கடையில் உட்கார்ந்தபடியே எல்லாப் பங்குகளையும் வந்த விலைக்கு விற்றுத் தள்ளினார். நஷ்டம்தான். ஆனாலும் மனசு லேசாகிவிட்டது.

சாயங்காலம் மச்சானை பஸ் ஏற்றிவிடப் போனவர், இனிமேல் கேட்டால் என்ன என்று கேட்டேவிட்டார்.

"உண்மையச் சொல்லு மச்சான். ஒங்க கம்பெனி தேறுமா?"

"எங்களுக்கு இன்னா மாமா தெரியும்? தெனமும் அதப் பத்தி வீடியோ பாக்கறவரு நீங்க. நீங்களே விக்காம வெச்சிருக்கீங்கன்ற தைரியத்துலதான், போன வாரம் தேடி வந்த வேற வேலைய வேணாம்னுட்டேன்."