மூன்று நிமிட வாத்தியார்

எனக்குப் பொறாமையே கிடையாது என்று அறுபத்தெட்டு வருசம் சொல்லித் திரிந்தவன் நான். என் மச்சினன் தங்கராஜ் செல்போனுக்குள்ளே வாத்தியார் ஆனதும் அந்தப் பெருமை போச்சு.

நான் படித்தது நாலாம் வகுப்பு. ஆனாலும் மலையோர ரப்பர் தோட்டங்களில் இருநூறு தேன்பெட்டி வைத்து, மாடி வீடு கட்டியவன். தங்கராஜுக்குத் தேனீயைக் காட்டிக்கொடுத்ததே நான்தான். (முதல் கொட்டுக்கு அவன் அழுத அழுகையை ஊருக்கெல்லாம் சொன்னதும் நான்தான்.)

எங்கள் தேன் சங்கம் ஒரு படிப்பு தொடங்கியது. விடியுமுன்னே ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவனுக்கு வகுப்பில் உட்கார ஏது நேரம்? அதனால் போனிலேயே ஐந்து குட்டிப் பாடம். ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். ஐந்திலும் தேறினால் சான்றிதழ். அதைத் தயாரித்த ஜெசி டீச்சர், ஐந்துக்கும் தங்கராஜையே பிடித்துவிட்டார்.

சங்கத்துக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். "எனக்க சிஷ்யன் வாத்தியாருன்னா, நான் ஆரு?"

"சரி ஐயா, பெட்டி திறக்கிற பாடம் உங்களுக்கு. மூணு நிமிசந்தான், கேட்டியளா?" என்றார் டீச்சர்.

தங்கராஜுக்கு ஒன்று குறைந்ததே! எனக்கு அது போதும்.

படம் எடுக்கும் அன்று தலைக்குச் சாயம், பட்டுக்கரை வேட்டி, மகன் துபாயிலிருந்து அனுப்பிய சென்ட் அரைப் பாட்டில். (வாசனையோடு பெட்டிப் பக்கம் போகாதே என்று முப்பது வருசமாக ஊருக்குச் சொல்வதும் நானே.)

போனைப் பிடித்த தங்கராஜ் முகர்ந்து பார்த்தான். "அத்தான், சென்டு அடிச்சிருக்கியளா?"

வயிற்றெரிச்சலில் கேட்கிறான் என்று நினைத்தேன். "எனக்கே பாடமா? நீ போனைப் பிடிலே!"

மூடியைத் தூக்கி, "பிள்ளைகளே, நான் சிறுவயதில்..." என்று என் வரலாற்றைத் தொடங்கினேன். மூக்கில் ஒன்று. காதில் இரண்டு. பிறகு எண்ணவில்லை. வேட்டி ஒரு ரப்பர் மரத்தில், நான் கீழே ஓடையில். தங்கராஜ்தான் புகை போட்டு விரட்டி, தன் துண்டைக் கட்டிவிட்டு வீட்டில் கொண்டு சேர்த்தான்.

வீங்கிய முகத்தைப் பார்த்து என் மனைவி கேட்டாள்: "தங்கராசு, இது ஆருடே? உனக்க அத்தான் எங்க?"

சாயங்காலம் டீச்சர் போன் செய்தார். "ஐயா, அதை அழிச்சிட்டு, தங்கராஜை வச்சே எடுத்துருவோம்."

ஐந்தும் அவனுக்கா! வீங்கிய உதட்டோடு கத்தினேன்: "அழிக்கப்பிடாது! அது எனக்க பாடம்! அப்படியே போடுங்க!"

போட்டார்கள். நாற்பது வினாடி. கீழே ஒரே கேள்வி: இவர் செய்த தவறு என்ன? பதில் சொல்லாமல் ஒருத்தனுக்கும் சான்றிதழ் கிடையாது. தங்கராஜின் நாலு பாடத்தையும் ஒருதரம் பார்த்துவிட்டு விடுகிறார்கள். என்னுடையதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்களாம்.

போன மாதம் இரணியலில் ஒரு கல்யாணம். வாசலில் பன்னீர் தெளித்த பெண் என்னைக் கண்டதும் செம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டு கேட்டாள்: "மாமா, பக்கத்துல தேன்பெட்டி ஒண்ணும் இல்லல்லா?"