ஒயரே தெரியாத வீடு

மின்சாரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் பலர் இருக்கலாம். அதற்குச் சட்டை போட்டு மானம் காத்தவர் ஒருவரே. அவர் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி, ஊழியர்கள் மொழியில் 'சேஃப்டி சார்'. தைத்தது அவர் மனைவிதான். ஆனால் யோசனை அவருடையது. வரலாறு யோசனையைத்தானே பார்க்கும்!

அவர் வீட்டு வாஷிங் மெஷினின் பின்பக்கம், ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் தோல் பிய்ந்து செம்பு பல்லை இளித்துக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக மனைவி ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, மரக்கரண்டிக் காம்பால் மூடியை நெம்பி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு துவைத்தாள்.

"ஏங்க, இன்னைக்கும் ஷாக் அடிச்சுது. தோள் வரைக்கும் இழுக்குது. பயமா இருக்குங்க. ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடட்டுமா?"

"சேஃப்டி ஆபீசர் வீட்டுக்கு வெளியாளா? நாலு பேருக்குத் தெரிஞ்சா என் மரியாதை என்ன ஆகும்? ஞாயித்துக்கிழமை நானே மாத்தறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையை எந்தக் காலண்டரிலும் அச்சடிக்கவில்லை.

அதற்குள் 'முன்மாதிரிப் பாதுகாப்பு இல்லம்' விருது அறிவிப்பு வந்தது. மேனேஜரே புதன்கிழமை நேரில் வந்து பார்ப்பாராம். சேஃப்டி சார் சாப்பாட்டு மேசையில் 'அவசர ஆலோசனைக் கூட்டம்' கூட்டினார். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே கலந்துகொண்டாள்.

"எல்லா ஒயருக்கும் துணியில உறை தெச்சுடு. இப்ப அதான் ஃபேஷன்."

"அத்தனை உறை தைக்கிற நேரத்துல, அந்த ஒரு ஒயரை மாத்திடலாமே?"

"என்னம்மா இப்படிப் பேசறே? மாத்தினா ஒரு ஒயர்தான் சரியாகும். மூடினா மொத்த வீடும் சரியாயிடும்!"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்த ஒரு மனம் யாருடையது என்று கூட்டக் குறிப்பில் இல்லை.

பழைய நீலப் பூப்போட்ட திரைச்சீலையைக் கிழித்து, நீள நீளமாகத் தைத்து, ஊக்கு குத்தி உள்ளே இழுத்து, ஃப்ரிட்ஜ், ஃபேன், டிவி என்று ஒன்று விடாமல் போர்த்தினாள். வாஷிங் மெஷினுக்கு மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போர்த்தினாள். ஷாக் வாங்கினால் அவளுக்கென்ன, விருதா வரப்போகிறது?

மேனேஜர் வந்தார். அறை அறையாகப் பார்த்தார். நெகிழ்ந்தார்.

"ஒரு ஒயர்கூடக் கண்ணுல படலையே! இதுதான்யா பாதுகாப்பு!"

அங்கேயே சான்றிதழில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். பிறகு செல்போனை எடுத்தார்.

"அந்த மெஷினை ஓடவிட்டு, மேல கையை வெச்சு நில்லுங்க. ஒரு போட்டோ."

சேஃப்டி சார் பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டார். கை மெஷினை நோக்கிப் பாதி தூரம் போய், அந்தரத்தில் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து வராத பெருந்தன்மை அந்த நொடியில் பொங்கியது.

"சார், எல்லாம் தெச்சது இவதான். பெருமை இவளுக்குத்தான் சேரணும். வாம்மா, நீ வை கையை!"

வெறுங்காலோடு நின்ற அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மூணு மாசமா நான்தானே வெக்கிறேன்? இன்னைக்கு ஒரு நாள் நீங்க வைங்க."

"வைங்க சார், என்ன யோசனை?" என்றார் மேனேஜர்.

சேஃப்டி சார் மெயின் சுவிட்சை அணைக்க ஓடினார். அரை மணி நேரத்தில் புது ஒயர் மாட்டினார். மேனேஜர் அதையும் 'செயல்முறை விளக்கம்' என்று கைதட்டிப் பாராட்டிவிட்டுப் போனார். மூன்று மாதம் அவள் கைக்குத் தெரிந்த ஆபத்தை, தன் கை பட வேண்டி வந்ததும் பாதுகாப்புத் துறை கண்டுபிடித்துவிட்டது. விஞ்ஞானத்தின் வேகமே வேகம்!

மறுநாள் சுவரில் மாட்டிய சான்றிதழின் மேல் நீலப் பூப்போட்ட உறை ஒன்று தொங்கியது.

"இதை ஏன் மூடினே? இதுல ஒயரா இருக்கு?"

"ஒயர் இல்லீங்க. ஆனா தோல் பிஞ்சு, உள்ள இருக்கறது வெளியில தெரியுது."