ப்ரூடன்ஸ் சார் கடித்த நெல்

சொந்த வயலை எப்போது அறுக்கலாம் என்று ஒரு பிரெஞ்சு வாத்தியாரிடம் யோசனை கேட்ட விவசாயி, காவிரி பாயும் பிரதேசத்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். விவசாயி என்பதுகூட மிகைதான். அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கரில் ஒரு வருஷம் சம்பா போட்டுப் பார்க்கலாம் என்று பேனாவை மூடிவைத்துவிட்டுக் கிளம்பியவன். நட்டது, களை பறித்தது எல்லாம் பக்கத்து வயல்காரர் மரகதமும் அவர் கூட்டிவந்த பெண்களும். நான் வரப்பில் நின்று போட்டோ எடுத்தேன்.

அந்த வாத்தியாரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவரைப்போல யோசித்து வாழ்ந்த மனிதர் பூமியில் கிடையாது. யோசிக்காமல் செய்த ஒரே காரியம் பிறந்ததுதான். அதுவும் பத்து நாள் தாமதம் என்று அவரே பெருமையாகச் சொல்வார்.

காரைக்கால்காரர். மயிலாடுதுறையில் ஒரு டயர் கடை மாடியில், பாரிஸ் போகிறவர்களுக்கு பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். மற்ற இடங்களில் முதல் பாடம் வணக்கம் சொல்வது. இவரிடம் முதல் பாடம் ‘ப்ரூடன்ஸ்’. முன்யோசனை. இங்கிலீஷில் ப்ரூடன்ஸ், பிரெஞ்சில் ப்ருதோன்ஸ். அதிலேயே இரண்டு மாதம் ஓடும். ஊர் அவருக்கு ப்ரூடன்ஸ் சார் என்று பெயர் வைத்துவிட்டது. வீட்டில் வைத்த பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

“ப்ரூடன்ஸ்னா கையில குடை எடுத்துக்கிட்டுப் போறது. ‘சஜெஸ்’னா விவேகம், அந்தக் குடையை எப்ப மடிக்கணும்னு தெரியறது. ‘டிசெர்னமான்’னா பகுத்தறியறது, அது நம்ம குடைதானான்னு பாக்கறது. புரியுதாப்பா?” என்பார்.

அவரிடம் ஆறு மாதம் படித்துவிட்டுப் போன ஒரு புது மாப்பிள்ளை பாரிஸிலிருந்து போன் செய்தாராம். “சார், கடையில ரொட்டி கேக்கத் தெரியல. ஆனா வாங்கலாமா வேண்டாமான்னு யோசிக்கறதுக்கு எட்டு வார்த்தை தெரியுது.”

பஸ் ஏறுவதற்கும் அவரிடம் முறை உண்டு. முதல் பஸ்ஸை விட்டுவிடுவார். டிரைவர் கொட்டாவி விட்டாராம். இரண்டாவதையும் விட்டுவிடுவார், டிரைவர் கொட்டாவியை அடக்கினாராம். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் புறப்பட்டு, கொடியிறக்கத்துக்குப் போய்ச் சேர்ந்த ஒரே பக்தர் அவர்தான்.

இப்படிப்பட்டவரிடம் நான் போனதற்குக் காரணம் அறுப்பு மெஷின். அது ஊர் ஊராக முறைவைத்து வரும். நம் முறையை விட்டால் திரும்பி வரப் பத்துப் பன்னிரண்டு நாளாகும். வானிலைக்காரர்களோ மழை என்றார்கள். இன்று அறுப்பதா, விடுவதா? விட்டு மழை பிடித்தால் பயிர் சாய்ந்து, நெல் கதிரிலேயே முளைவிட்டுவிடும். பழுக்குமுன் அறுத்தால் பதர்தான் மிஞ்சும். எப்படிப் பார்த்தாலும் ஒரு போக உழைப்பு போய்விடும். (மற்றவர்கள் உழைப்புதான். இருந்தாலும்.)

போன் செய்தேன். “அவசரப்படாதீங்க. நேரில வந்து பாக்கறேன்” என்றார். மூன்றாவது பஸ்ஸில், கையில் குடையோடு வந்தார்.

தென்னை மரத்தடியில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தி, “இதுதான் சார் என் வயல்” என்றேன். வளர்ந்த பயிர் வரப்பையே மூடியிருந்தது. சார் ஒரு கதிரை உருவி, ஒரு மணியைப் பல்லிடையே வைத்துக் கடித்தார். நறுக்கென்று சத்தம். கண்ணை மூடிக்கொண்டார்.

“சஜெஸ்ங்கற வார்த்தைக்கு வேர் எது தெரியுமா? ருசி பாக்கறது. லத்தீன்காரன் நாக்கால யோசிச்சிருக்கான்.” அங்கேயே நாலு இடத்தில் கடித்தார். நாலும் நறுக். “முத்திருச்சு. அறுக்கலாம்!”

மெஷினுக்கு ஏற்பாடு செய்த புரோக்கர் என் வயலின் ரோட்டோரக் கோடியைக் காட்ட, மெஷின் அங்கே இறங்கியது. டிரைவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். தலையை வெளியே நீட்டி, “சார், கொஞ்சம் பச்சை தட்டுதே?” என்றார்.

“அறுங்க. பிரெஞ்சு முறையில பாத்தாச்சு” என்றேன். இந்த வாக்கியத்தை நான் வாய்விட்டுச் சொன்னேன் என்பதை எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது.

மெஷின் பத்தடி போயிருக்கும். தீர்ப்பு சொன்ன பிறகும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்பது சாரின் கொள்கை. பின்னாலேயே போய், கீழே சிந்திய ஒரு மணியை எடுத்துக் கடித்தார். சத்தமே இல்லை. மாவாக நசுங்கியது.

அடுத்து நடந்ததை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறும் அந்த மனிதர், வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, சேற்றில் விழுந்து எழுந்து ஓடி, மெஷினின் கத்திகளுக்கு முன்னால் குதித்து நின்றார். குடையைக் குறுக்கே நீட்டி பிரெஞ்சில் கத்தினார்.  நான் வாயைத் திறந்தபடி வரப்பில் நின்றேன்.

“யோவ் பெரியவரே! சாகறதுக்கு என் மெஷின்தான் கெடச்சுதா?” என்று டிரைவர் அலறினார். பார்த்தால், மெஷின் நின்றிருந்தது.

தன் அறுப்புக்குக் களம் கூட்டிக்கொண்டிருந்த மரகதம் சத்தம் கேட்டு ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“ஐயோ சார்! தென்னைக்கு அந்தாண்ட என் வயலு. அவரு கடிச்சது என் நெல்லு! உங்களது பன்னண்டு நாள் பிந்தி நட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாளை விரல் விட்டு எண்ணிச் சொல்லியிருப்பேனே!”

சார் சேறு படிந்த குடையோடு வரப்பில் உட்கார்ந்திருந்தார்.  “அந்த மெஷின் முன்னாடி குதிச்சீங்களே சார், அதுக்குப் பேரு என்ன? ப்ரூடன்ஸா, சஜெஸ்ஸா?” என்றேன்.

குடையிலிருந்த சேற்றைத் துடைத்தார். “பிரெஞ்சில வார்த்தை இருக்கு. ஆனா நல்ல வார்த்தை இல்ல” என்றார்.

மழை ஒரு தூறலோடு போய்விட்டது. பன்னிரண்டாம் நாள் மெஷின் திரும்ப வந்தது. இந்த முறை மரகதம் சொன்ன பிறகுதான் அறுத்தோம். நல்ல விளைச்சல். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “உயிரைப் பணயம் வைச்சு என் பயிரைக் காப்பாத்தினது ப்ரூடன்ஸ் சார்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மரகதம் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“சார், டிரைவரு சொன்னாரு. அன்னிக்குப் பச்சை நெல்லுத்தாள் சுத்திக்கிட்டு மெஷினு தானாவே அடைச்சு நின்னுருச்சாம். அதுக்கப்புறந்தான் பெரியவரு குதிச்சாராம். இதை அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”