கமலாசனி பேரில் ஒரு ஜீப்

கொம்பனிக்காரனை இன்றைக்கு ஒரு கை பார்ப்பதென்று வீரகத்தியர் விடியவே தீர்மானித்துவிட்டார்.

பின்னே என்ன? புத்தம்புது ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும், சேறு சுரி ஒன்றும் பாராது என்று சொல்லித்தான் கொழும்பில் தலையில் கட்டினார்கள். இழுத்ததென்னவோ பின்சக்கரங்கள் இரண்டும்தான். முன்சக்கரங்கள் மாப்பிள்ளைத் தோழர்கள் மாதிரிச் சும்மா கூட வந்தன. ஒரு வருட உத்தரவாதம் இருந்தபடியால், பழுதைப் பார்க்கக் கொம்பனி ஆள் தவராசா இன்று தருமபுரம் ஊருக்கே வருகிறார்.

ஜீப் வாங்க நெல்லுக் காசு போதாமல், மனைவி கமலாசனி சீதனமாகக் கொண்டுவந்த எருமைக்கடாக்கள் கறுவலையும் சுட்டியனையும் வீரகத்தியர், அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் கலந்தருக்கு விற்றிருந்தார். கலந்தரின் வீட்டு வளவு பக்கத்திலேயே. சுட்டியன் அங்கிருந்து கத்தினால் கமலாசனிக்கு இங்கே சோறு இறங்காது. அவளுக்கு வேண்டியது அந்தச் சோடி. அவருக்கு வேண்டியது ஜீப்.

ஆனால் ஜீப்பை அவள் பேரில்தான் பதிந்திருந்தார். பாசத்தில் அல்ல. ஊரே இரவல் கேட்டு வரும் என்று முன்கூட்டியே போட்ட திட்டம் அது. கலந்தர் புளியங்குளத்துக்கு மூட்டை ஏற்றக் கேட்டு வந்தபோதும் எல்லாருக்கும் சொல்லும் பதில்தான்.

"எனக்கென்ன நானா, தாறதுக்குச் சந்தோசம். ஆனால் ஜீப் அவாவின்ரை பேரிலை. அவாவைக் கேளுங்கோ."

பெண்பிள்ளையிடம் போய் யார் ஜீப் கேட்பது? வந்தவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போவார்கள். வீரகத்தியருக்குத் தன் மூளையை நினைக்கத் தனக்கே பெருமையாக இருக்கும்.

ஒரேயொரு சிக்கல். கடாக்கள் போனபின், அறுவடைக் களத்தில் சூடு மிதிக்க, நெற்கதிர்மேல் அவர் ஜீப்பையே ஏற்றிச் சுற்றோ சுற்றென்று சுற்றியிருந்தார். வைக்கலில் ஏறியபோதுதான் முன்சக்கரங்களின் வண்டவாளமும் தெரிந்தது. இது கொம்பனிக்குத் தெரிந்தால் உத்தரவாதம் அம்போ. ஆகவே ஜீப்பின் வயிற்றுக்குக் கீழே படுத்து வைக்கலை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

"இஞ்சாரும், அந்தாள் கேட்டால் முறிகண்டிக் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் ஓடினது எண்டு சொல்லும்."

"சூடு மிதிச்சதை?"

"அதை மூச்சும் விடக்கூடாது."

"எனக்குப் பொய் வராது."

"அப்ப வாயைத் திறவாதையும். தேத்தண்ணியைப் போட்டு வாரும், காணும்."

வயல் வரம்போரம் போட்ட மண்பாதையால் தவராசா சின்னக் கார் ஒன்றில் வந்து இறங்கினார். கழுத்தில் ரை, காலில் பளபளக்கும் கறுப்புச் சப்பாத்து. கமலாசனி தேத்தண்ணி போடப் போனாள். போனவள் போனவள்தான். கடைசியில் தட்டோடு வந்தபோது சேலைக் கரையெல்லாம் சேறு.

"எங்கை போட்டு வாறீர்?" என்று வீரகத்தியர் பல்லைக் கடித்தார்.

"இண்டைக்கு எங்கடை தண்ணி முறையெல்லே. வாய்க்காலை வெட்டி விட்டுட்டு வந்தனான்."

தவராசா பணியாரத்தைக் கடித்துக்கொண்டே குனிந்தார். முன் அச்சின் இடுக்கிலிருந்து ஒரு வைக்கலை உருவி எடுத்தார்.

"இதென்ன?"

"அது... கோயில் மாடு..." என்று தொடங்கினார் வீரகத்தியர்.

"சூடு மிதிச்சனாங்கள் ஐயா," என்றாள் கமலாசனி.

"அப்ப சரி. அதிலைதான் உள்ளுக்குப் பல்லுச்சக்கரம் உடைஞ்சிருக்கு. கரன்ரி இல்லை. நான் வாறன்."

"திறந்து பாக்கேல்லையே?"

"திறக்கத் தேவையில்லை அம்மா."

தவராசா காரில் ஏறினார். வீரகத்தியர் பெண்சாதியை எரித்துவிடுவது போலப் பார்த்தார். கார் மண்பாதையில் கொஞ்சத் தூரம் போனது. பிறகு போகவில்லை. வாய்க்கால் தண்ணீர் பாதையை உளைச் சேறாக்கியிருந்தது.

கொம்பனி ஆளைக் கைக்குள் போட இதுதான் சமயம் என்று வீரகத்தியர் ஜீப்பில் பாய்ந்தார். இழுத்து எடுப்பதற்குப் போன ஜீப், காருக்குப் பக்கத்தில் துணைக்கு இருந்துகொண்டது. முன்சக்கரங்கள் அசையவேயில்லை.

வரம்பில் நின்ற கமலாசனி பதறவில்லை.

"கலந்தர் நானாவின்ரை கடாச் சோடி வந்தால் ஒரு இழுவையிலை வந்திடும் ஐயா. ஆனால் அதுகள் மேயப் போட்டுதுகள். வரச் சுணங்கும். சும்மா நிக்கிற நேரத்துக்கு, அந்த முன் அச்சுப் பெட்டியை ஒருக்கால் திறந்து பாருங்கோவன்."

தவராசா அவளைப் பார்த்தார். பற்றைப் புதருக்குப் பின்னால் கயிறும் கையுமாக நின்ற கலந்தரைப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் மேயாமல் நின்ற கடாக்களையும் பார்த்தார். ரையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜீப்பின் முன்னால் முழங்காலிட்டார். அச்சுப் பெட்டியின் மூடியைக் கழற்றினார்.

எண்ணெய் ஒழுகியது. பல்லுச்சக்கரம் இல்லை. உடைந்த துண்டுகூட இல்லை. கொம்பனி அதைப் பூட்டவே மறந்திருந்தது.

தவராசாவின் முகம் சப்பாத்து நிறத்துக்கு வந்தது. "பிழை எங்கடைதான். முன் அச்சைப் புதுசாய்ப் போட்டுத் தரலாம். இல்லாட்டி ஜீப்பை எடுத்துக்கொண்டு காசைத் திருப்பித் தரலாம். எது வேணும்?"

வீரகத்தியருக்குக் கால் நிலத்தில் படவில்லை. அது சேற்றில் புதைந்திருந்தது. "அச்சுத்தான் ஐயா."

"ஜீப் ஆற்றை பேரிலை?"

"என்ரை பேரிலை," என்றாள் கமலாசனி. "காசைத் தாங்கோ. கடாவைத் திருப்பித் தாறன் எண்டு நானா நேற்றே சொல்லிப்போட்டார்."

கறுவலும் சுட்டியனும் வந்து காரையும் ஜீப்பையும் இழுத்துக் கரையேற்றின. சுட்டியன் கமலாசனியின் தோளில் மூஞ்சியை உரசியது. அவள் கண் கலங்கிவிட்டது. வீரகத்தியர் வழி தெரியாமல் கலந்தரின் கையைப் பிடித்தார்.

"நானா, நீங்களாவது சொல்லுங்கோவன், ஜீப் நிக்கட்டும் எண்டு."

கலந்தர் நிதானமாகக் கயிற்றைச் சுருட்டினார்.

"எனக்கென்ன தம்பி, சொல்றதுக்குச் சந்தோசம். ஆனா ஜீப்பு அவட பேருல. அவவைக் கேளுங்க."

வீரகத்தியர் கேட்டார். கமலாசனி கடாக்களின் கயிற்றை அவர் கையில் கொடுத்தாள்.

"முதல்லை இதுகளுக்குத் தண்ணி காட்டிக்கொண்டு வாங்கோ."