தூங்கிப் போராடிய தேவாங்கு

ஒரு காட்டில், கல்லூரி வருவதற்கு முன்பு, எல்லா மிருகங்களும் போதுமான அளவு தூங்கின. கல்லூரி வந்தது. அதன் பின்னால் இலக்கியப் பத்திரிகை வந்தது. அதன் பின்னால் சமூக உணர்வு வந்தது. கடைசியில் தூக்கம் என்பது தனியாக நேரம் ஒதுக்கிச் செய்யவேண்டிய காரியமாகிவிட்டது.

அந்தக் காட்டின் வடக்குப் பக்கத்தில் ஒரு புளியமரம் நின்றது. அதன் பொந்தில் கண்ணாத்தாள் என்ற இளம் தேவாங்கு குடியிருந்தாள். மெலிந்த உடம்பு. முகத்தில் பாதி கண். மற்றத் தேவாங்குகளைப் போல அவளும் பகலில் தூங்கிப் பொழுது சாய்ந்தபின் எழவேண்டியவள்தான். ஆனால் அவள் மாலைக் கல்லூரியில் வரலாறு இரண்டாம் ஆண்டு படித்தாள். பத்திரிகையில் ஒரு தொடர்கதை எழுதினாள். அதில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. காட்டுரிமைக் குழுவில் தட்டி எழுதும் பொறுப்பும் அவளுடையது, கையெழுத்து நன்றாக இருந்த குற்றத்துக்காக. இவற்றை முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் தூங்குவதாக ஏற்பாடு. மிச்சம் எதுவும் இருக்கவில்லை.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். தன் பொந்தில் சுருண்டு படுத்து, யாரும் கூப்பிடாமல், ஒரு முழுத் தூக்கம்.

இதில் அவளுக்கு எல்லோரும் ஆதரவாக இருந்தார்கள். பத்திரிகை ஆசிரியர் கொக்கு சொன்னார்: "உடம்பைப் பாத்துக்கம்மா. எழுத்தெல்லாம் அப்புறம். வெள்ளிக்கிழமைக்குள்ள கடைசி அத்தியாயம் வந்துரணும்."

காட்டுரிமைக் குழுவின் செயலாளர் முள்ளம்பன்றி சொன்னார்: "தோழர், ஓய்வு என்பது நம் அடிப்படை உரிமை. அதைப் பற்றி நாற்பது தட்டி வேணும். விடியறதுக்குள்ள எழுதிருவீங்கல்ல?"

வரலாற்றுப் பேராசிரியர் ஆந்தை, தூக்கம் நினைவாற்றலைக் கூட்டும் என்று இரண்டு மணி நேரம் வகுப்பெடுத்தார். அதில் வருகைப்பதிவு கட்டாயம்.

இளைய மிருகங்கள் சரியாகத் தூங்குவதில்லை என்ற செய்தி காட்டு மன்றத்துக்கும் எட்டியது. மன்றம் மிகவும் கவலைப்பட்டது. ஒரு நாள் முழுதும் கவலைப்பட்டபின், ‘இளையோர் ஓய்வு மற்றும் சமநிலைப் பயிற்சி மையம்’ ஒன்றைக் கட்டுவதென்று முடிவு செய்தது. இடம் பார்த்தார்கள். அமைதியான இடம், நல்ல நிழல். புளியமரத்தை வெட்டிவிட்டால் கட்டடம் சரியாக உட்காரும். வருகிற திங்கட்கிழமை மரம் வெட்டப்படும் என்ற அறிவிப்பைக் கண்ணாத்தாளின் பொந்து வாசலிலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள்.

கண்ணாத்தாள், பொந்து ஒதுக்கித் தரும் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். முன்னால் பதினேழு முயல்கள் நின்றன. அவள் முறை வந்தபோது வரிசையில் இன்னும் நிறைய முயல்கள் பிறந்திருந்தன. அலுவலர் உடும்பு அவள் மனுவை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"வேற பொந்து கேக்குறியாம்மா?"

"ஆமா சார். மரத்தை வெட்டப் போறாங்க."

"வெட்டியாச்சா?"

"இன்னும் இல்லை சார்."

"அப்ப உனக்குப் பொந்து இருக்கு. இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு தர விதியில்லை."

"வெட்டினதுக்கு அப்புறம் வரட்டுமா?"

"வாயேன். வரும்போது முகவரிச் சான்று கொண்டுவரணும். முகவரி இல்லாதவங்க மனுவை நாங்க வாங்கறதில்லை." இதைச் சொல்லும்போது உடும்பின் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் நாற்காலியைப் பிடித்த நாளிலிருந்து அப்படித்தான்.

காட்டுரிமைக் குழு கூடியது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மரத்தைச் சுற்றி நிற்பதென்று தீர்மானம். தட்டி எழுதும் பொறுப்பு வழக்கம்போல் கண்ணாத்தாளுக்கு. திங்கட்கிழமை வெளுக்கும்போது நாற்பதாவது தட்டியை எழுதிக் காயவைத்துவிட்டு, கண்ணைக் கொஞ்சம் மூடித் திறக்கலாம் என்று பொந்துக்குள் போனாள். மூடினாள். திறக்கவில்லை.

எட்டு மணிக்குக் குழு வந்தது. முள்ளம்பன்றி கணக்கெடுத்துப் பார்த்து எரிச்சலானார். "யாரு வீட்டுக்காகப் போராடறோமோ அவங்களையே காணோம். இந்தத் தலைமுறையே இப்படித்தான்."

ஒன்பது மணிக்கு ஒப்பந்த யானை சங்கிலியோடு வந்தது. விதிப்படி பொந்தைச் சோதிக்க உடும்பு மரத்தில் ஏறினார். உள்ளே எட்டிப் பார்த்தார். இறங்கி வந்து பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார்.

"பொந்துச் சட்டம், பிரிவு பதினொண்ணு. உள்ளே ஒரு பிராணி தூங்கும்போது மரத்தை வெட்டக்கூடாது."

"எழுப்பிட்டு வெட்டலாமே" என்றது யானை.

"எழுப்பலாம். எழுப்புறதுக்குத் தூங்கறவங்க சம்மதக் கையெழுத்து வேணும்."

"எழுப்பிக் கையெழுத்து வாங்குங்க."

"கையெழுத்து இல்லாம எப்படி எழுப்புறது?"

யானை சிறிது நேரம் யோசித்தது. அதற்கு நாள் கூலி. எனவே நிழலாகப் பார்த்து நின்று தொடர்ந்து யோசித்தது.

முள்ளம்பன்றியின் முட்கள் சிலிர்த்தன. "தோழர்களே, பார்த்தீர்களா? இதுதான் தோழர் கண்ணாத்தாள் வகுத்த புதிய போராட்ட வடிவம். நேற்றே என்னிடம் கலந்து பேசிவிட்டார்" என்றார். உடனே ஒரு முழக்கம் உருவானது. "தூங்குவோம், தூங்குவோம், மரம் நிற்கும்வரை தூங்குவோம்" என்று காடு அதிரும்படி கத்தினார்கள்.

கண்ணாத்தாள் விழித்துக்கொண்டாள். பொந்து வாசலில் இரண்டு பெரிய கண்கள் தெரிந்தன. நல்ல வேளையாக உடும்பு அப்போது யானைக்கு ரசீது எழுதிக்கொண்டிருந்தார். முள்ளம்பன்றி பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "தோழர், கண்ணை மூடுங்க. நீங்க முழிச்சா மரம் விழும்."

அவள் மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

ஆறு மாதமாக நின்றால் தூக்கம், உட்கார்ந்தால் தூக்கம் என்றிருந்தவள் அவள். இப்போது படுத்துக் கண்ணை மூடுவதே கடமையானதும், தூக்கம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கீழே குழுவினர் முறை வைத்து உட்கார்ந்து, அவள் தூங்குவதைப் பாராட்டிப் பறை அடித்தார்கள்.

உடும்பு ஒரு நாளைக்கு மூன்று முறை சோதிக்க வந்தார். அதற்கென்று ஒரு பதிவேடு போட்டார். மூச்சின் வேகம், கை தளர்ந்திருக்கிறதா, இமை துடிக்கிறதா. எதிலும் குறை கண்டுபிடிக்க முடியாததால், நான்காம் நாள் ஒரு வெட்டுக்கிளியைக் கூட்டிவந்தார். தேவாங்குக்கு வெட்டுக்கிளி என்றால் உயிர். விழித்திருக்கும் தேவாங்கு எதிரில் வரும் வெட்டுக்கிளியை விடாது என்பது அலுவலகத்தின் முடிவு. இந்த வெட்டுக்கிளி தற்காலிகப் பணியாளர்.

வெட்டுக்கிளி நடுங்கிக்கொண்டே கண்ணாத்தாளின் மூக்கின்மேல் ஏறியது. உடும்பு பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவளோ நான்கு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, வேலை இது" என்று வெட்டுக்கிளி காதோரம் கிசுகிசுத்தது. "நிஜமாவே தூங்கறீங்களா? தூங்கறதா இருந்தா ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா, பயமா இருக்கு."

கண்ணாத்தாளின் வாயில் எச்சில் ஊறி, ஒரு ஓரமாக வழிந்தது. உடும்பு குனிந்து பார்த்துவிட்டு, ‘ஆழ்ந்த உறக்கம். வாயில் நீர் வடிகிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

கண்ணை மூடிப் படுத்திருப்பவளுக்குப் பொழுது போகவேண்டுமே. பக்கத்துக் கிளையில் அவளோடு படிக்கும் சடைச்சி என்ற வௌவால் தொங்கிக்கொண்டிருந்தாள். அன்று முதல், உடும்பு போனதும், தனக்கும் அவளுக்குமாகப் பழமும் பூச்சியும் கொண்டுவந்து, வரலாற்றுப் பாடத்தைத் தலைகீழாகத் தொங்கியபடி படித்துக் காட்டினாள். அரசர்களின் பட்டியல் கடைசியிலிருந்து முதலுக்கு வந்தது. கண்ணாத்தாளுக்கு அது நன்றாக மனதில் நின்றது. மற்ற நேரத்தில் தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தை வரி வரியாக மனதுக்குள் கட்டினாள். அதைச் சடைச்சி எழுதிக்கொண்டுபோய்க் கொக்கிடம் கொடுத்தாள். வருகைப்பதிவைப் பற்றிப் பேராசிரியர் ஆந்தையிடம் கேட்டபோது, "வகுப்புக்கு வந்து தூங்குறவங்களுக்கு வருகை போடறோம். தூங்கறதுக்காக வராதவளுக்குப் போட்டா என்ன குறைஞ்சிடும்?" என்று போட்டுவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் கண்ணாத்தாள் சொன்னாள்: "ஏ சடைச்சி, நான் தூங்கிப் பன்னெண்டு நாளாச்சுடி. கண்ணுக்குள்ள மணல் போட்ட மாதிரி இருக்கு."

"வெளிய சொல்லிராத. நீ தொடர்ந்து பன்னெண்டு நாள் தூங்கறதா பத்திரிகையில அட்டைப்படம் போட்டிருக்கு."

"அட்டையிலயா? எப்படி இருக்கேன்?"

"நல்லா தூங்குற மாதிரி இருக்க."

அந்த அட்டைப்படத்தின் கீழே இப்படி எழுதியிருந்தார்கள்: ‘எழுத்து, போராட்டம், படிப்பு, ஓய்வு. நான்கையும் ஒரே நேரத்தில் செய்யும் நம் காலத்து இளைஞி.’ காட்டிலுள்ள தாய்மார்கள் அந்தப் படத்தைத் தங்கள் பிள்ளைகளிடம் காட்டி, "அவளும் உன் வயசுதான்" என்றார்கள். அன்று முதல் அந்தப் பிள்ளைகளுக்கும் தூக்கம் போயிற்று.

இருபத்தொன்றாம் நாள் காட்டு மன்றம் இறங்கிவந்தது. காரணம் நியாய உணர்வு என்று குழு சொன்னது. யானையின் நாள் கூலி ஏறிக்கொண்டே போனதாக அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். எப்படியோ, மரத்தை வெட்டுவதில்லை என்று எழுத்தில் கொடுத்தார்கள்.

கண்ணாத்தாளைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கி மாலை போட்டார்கள். ஊர்வலம் கிளம்பியது. முள்ளம்பன்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி இன்னும் கொஞ்சம் பேசினார். மேடையில் அவள் தலை தொங்கித் தொங்கி விழுந்தது. அடக்கமான பெண் என்று கூட்டத்தில் சொல்லிக்கொண்டார்கள். எப்போது முடியும், எப்போது பொந்துக்குப் போகலாம் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை.

முடிந்தது. போனாள். பொந்து வாசலில் கண்ணாடி போட்டிருந்தார்கள். உள்ளே பஞ்சில் செய்த தேவாங்கு பொம்மை ஒன்று சுருண்டு படுத்திருந்தது. அவளைவிட அது நன்றாகத் தூங்கியது. மரத்தைச் சுற்றிக் கம்பி வேலி. வேலிக்கு வெளியே பார்க்க வந்தவர்களின் வரிசை. பலகையில், ‘கண்ணாத்தாள் நினைவு இளையோர் ஓய்வு மற்றும் சமநிலைப் பயிற்சி மையம். உள்ளே உறங்குவது தண்டனைக்குரியது’ என்று எழுதியிருந்தது. உடும்பு வேலிக்கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"சார், இது என் பொந்து."

"உன் பொந்துதாம்மா. அதனாலதான் பாதுகாக்கறோம்."

"நான் எங்க சார் தூங்கறது?"

"நீ இனிமே தூங்கணும்னு அவசியமில்லை. போராட்டம் ஜெயிச்சாச்சே."

அவள் முள்ளம்பன்றியிடம் போனாள். "தோழர், பொந்தைத் திரும்ப வாங்கறதுக்கு ஒரு போராட்டம் வைக்கணும்."

முள்ளம்பன்றி அவளைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார்: "வெற்றி பெற்ற போராட்டத்துக்கு எதிரா எப்படித் தோழர் போராடறது? இயக்கத்துக்குள்ள குழப்பம் வரும். தனிப்பட்ட தூக்கத்தை இதுல கொண்டுவராதீங்க. வர்ற மாசம் மையத்துல ‘நான்கையும் சமாளிப்பது எப்படி’ன்னு வகுப்பு ஆரம்பிக்குது. நீங்கதான் நடத்தணும்னு நான் வாக்குக் கொடுத்துட்டேன்."

கொக்கிடம் போனாள். அவருக்கும் வருத்தம் இருந்தது. அவள் கொடுத்த கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி தூங்க இடமில்லாமல் அலைகிறாளாம். வாசகர்கள் இப்போது அதை ஏற்கமாட்டார்களாம். எனவே நன்றாகத் தூங்கி எழுவதாக அவரே மாற்றி அச்சுக்குக் கொடுத்துவிட்டார். "உன் பேருலதாம்மா வருது" என்று ஆறுதல் சொன்னார்.

மறுநாள் தேர்வு. சடைச்சி அரசர்களின் பட்டியலோடு அவளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கண்ணாத்தாள் நடந்தாள். காட்டின் தென்கோடியில் ஒரு கருவேலமரம் நின்றது. அதில் பொந்து இல்லை. நிழல் சரியாக இல்லை. அதை வெட்டவேண்டும் என்றோ வெட்டக்கூடாது என்றோ அதுவரை யாரும் நினைத்ததில்லை. முள்ளுக்கு நடுவே ஒரு கிளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்தாள்.

அந்த வழியாக ஒரு காட்டுப்பன்றி வந்தார். எதையும் விசாரிக்காமல் போகிறவர் இல்லை.

"யாரும்மா அது? இங்க என்ன பண்ற?"

"தூங்கப் போறேன்."

"எதுக்காக? ஏதாச்சும் கோரிக்கையா?"

"இல்லை."

"கதை எழுதறியா? அனுபவத்துக்காகவா?"

"இல்லைங்க."

"பரீட்சைக்கு மூளையைத் தயார் பண்றியா?"

"இல்லைங்கய்யா. சும்மா."

"சும்மாவா?"

"சும்மாதான்."

காட்டுப்பன்றி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வடக்கால ஒரு பொண்ணு இருபத்தொரு நாள் தூங்கி ஒரு மரத்தையே காப்பாத்தியிருக்கா. நீயும் இருக்கியே" என்று சொல்லிவிட்டு, மண்ணைக் கிளறிக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னதில் பாதிதான் அவள் காதில் விழுந்தது. தேர்வு முடிந்து, முடிவு வந்து, மறுதேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளும் கழிந்தபின் கண்ணாத்தாள் எழுந்தாள். அவள் முகம் தெளிவாக இருந்தது.

நீதி: நிம்மதியாகத் தூங்க விரும்புகிறவர், அதனால் யாருக்கும் எந்த நன்மையும் விளைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.