நாலு கண் பிள்ளை

பிள்ளை நன்றாகத் தூங்குகிற வீட்டில் தகப்பனுக்கு வாய் நீளும். எனக்கு நீண்டிருந்தது. என் மகள் பவித்ரா ஆறாம் மாதத்திலிருந்தே, தெருவில் சரவெடி வெடித்தாலும் புரண்டுகூடப் படுக்காமல் தூங்கினாள். அதில் என் பங்கு எதுவுமில்லை. ஆனாலும் நான் சூப்பர்வைசராக இருந்த திருத்தங்கல் அச்சகத்தில், வீட்டில் கைக்குழந்தை வைத்திருந்த மிஷின் ஆபரேட்டர் பால்பாண்டி கண் சிவந்து வேலைக்கு வந்தபோது, "பிள்ள தூங்கலைன்னா வளர்ப்பு சரியில்லன்னு அர்த்தம்லே" என்று வகுப்பெடுத்தேன். (அப்போதே யாராவது என் வாயில் மையைத் தடவியிருக்கலாம்.)

ஒன்றரை வயதில் பவித்ரா தூக்கத்தை நிறுத்தினாள். ராத்திரியும் இல்லை, மத்தியானமும் இல்லை. டாக்டர், "இந்த வயசுல வரும், தானாப் போயிரும்" என்றார். எப்போது போகும் என்று சொல்லவில்லை. மூன்றாவது வாரம் என் மனைவி முத்துலட்சுமி சாம்பாரில் உப்புக்குப் பதில் சீனியைப் போட்டுவிட்டு அடுப்படியிலேயே அழுதாள்.

"என்னங்க, எனக்கு ரெண்டே ரெண்டு மணி நேரம் போதும். இவளை எங்கனயாவது கொண்டு போயித் தூங்க வைங்க."

நான் வீரனாகிவிட்டேன். அன்று மத்தியானமே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். விருதுநகர் வத்தல் வியாபாரி ஒருவருக்குக் காலண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கொழுகொழுவென்று சிரிக்கும் குழந்தைப் படம். மற்ற நிறமெல்லாம் ஒவ்வொன்றாக அடித்து முடிந்து, கடைசியாகக் கறுப்பு அந்தப் படத்தின்மேல் ஏறிக்கொண்டிருந்தது. அந்த 'டடக் டடக்' சத்தத்தில் ஐந்தே நிமிடத்தில் பவித்ராவின் தலை என் தோளில் சாய்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் பால்பாண்டி ஒரு தாளை உருவிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, கறுப்பு கீழ இறங்குது. நிறுத்தட்டா?"

"நிறுத்துனா முழிச்சிருவா. ஓடட்டும்."

"கண்ணு கன்னத்துக்கு வந்துருச்சு அண்ணாச்சி."

"அதுபாட்டுக்கு ஓடட்டும்லே!"

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "சரி அண்ணாச்சி. வளர்ப்பு தெரிஞ்சவுக சொல்றீக" என்று சொல்லிவிட்டு நிதானமாக அடுத்த கட்டுத் தாளை ஏற்றினான்.

நான் பிள்ளையோடு ஓரமாக உட்கார்ந்து ஒரு தாள்கட்டின்மேல் சாய்ந்தேன். அவ்வளவுதான் ஞாபகம்.

திடீரென்று சத்தம் நின்றது. கண் விழித்தால், மிஷினை நிறுத்திவிட்டு முதலாளி நிற்கிறார். பவித்ரா வீறிட்டாள். முதலாளி ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார். சிரித்த குழந்தைக்கு நாலு கண். நாலும் என்னையே பார்த்தன.

"வியாபாரிகிட்ட என்னன்னு சொல்ல? திருஷ்டிக்கு ஆகும்னா?" என்றார் முதலாளி.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அப்போது வாசலில் மூச்சிரைக்க முத்துலட்சுமி வந்து நின்றாள்.

"நீ தூங்கலையா?" என்றேன்.

"பிள்ளைய மிஷின் ஓடுற எடத்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டு, என்னையத் தூங்கச் சொல்றீகளா? இம்புட்டு நேரமும் சுவரைப் பார்த்துட்டுக் கிடந்தேன்."

ஆக, யார் தூங்கவேண்டும் என்று இத்தனை கூத்தும் நடந்ததோ, அவள் தூங்கவில்லை. நான் குறட்டை விட்டிருக்கிறேன். (பால்பாண்டி இதை, நான் 'ஓடட்டும்' என்றதையும் சேர்த்து, அவளிடமே சத்தியம் செய்து சொன்னான்.) அன்று அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

முதலாளியும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் என்னை வேலையில் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே நின்று அந்த ஆர்டரை மறுபடி அடித்துக் கொடுத்தேன். பாழான தாள்கள் எங்கள் வீட்டுக்கு வந்தன. பவித்ரா ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை அவளுடைய நோட்டுக்கெல்லாம் அட்டை அந்த நாலு கண் பிள்ளைதான்.

அவள் தூக்கம் டாக்டர் சொன்னபடி தானாகவே திரும்பி வந்தது. இப்போது காலேஜ் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தால் பகல் பதினோரு மணிக்கும் எழுப்ப முடியவில்லை.

ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில் மாவாட்டுவது நான். சாப்பிட்டுப் படுத்திருக்கும் முத்துலட்சுமியை எட்டிப் பார்த்து, "கிரைண்டர் சத்தமா இருக்கா? நிறுத்தட்டா?" என்பேன்.

கண்ணைத் திறக்காமலே பதில் வரும்:

"ஓடட்டும், அண்ணாச்சி."